பெயருடைய கல்லும் பெயரற்ற தாழியும்: ஈமச் சின்னங்களைச் சங்கப் பாடல்களோடு ஒருங்கு வாசித்தல் குறித்து

ஆய்வுச்சுருக்கம்

நடுகல்லும் முதுமக்கள் தாழியும் ‘சங்ககால ஈமமரபு’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்துப் பேசப்படுகின்றன. இரண்டிற்கும் புறநானூற்றுப் பாடல்கள் சான்றாகக் காட்டப்படுகின்றன. இவ்வாசிப்பு முறையில் கல்வெட்டு தரும் செய்தி பாடலுக்குள் அடங்கிவிடுகிறது; தாழி தரும் செய்தியோ பாடலுக்குரிய படவிளக்கமாகச் சுருங்கிவிடுகிறது. நடுகல் பெயரைக் காக்கும் சின்னம். தாழி உடலைக் காக்கும் சின்னம். இவ்விரண்டின் வேறுபாட்டை அழிக்காமல் வாசித்தால் பாடல்களின் பொருளும் சில இடங்களில் மாறுகிறது என்பதைப் புலிமான்கோம்பை, எடுத்தனூர், அரசலாபுரம், ஆதிச்சநல்லூர் ஆகிய இடங்களின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: நடுகல், முதுமக்கள் தாழி, ஆகோள், தொறு, புறநானூறு, அகநானூறு, ஆதிச்சநல்லூர், செங்கம்.

உடம்பும் பெயரும்

வடமோதங்கிழார் பாடிய புறநானூற்று 260ஆம் பாடல் ஓர் இறப்பை அறிவிக்கிறது. பகைவர் கவர்ந்த ஆநிரையைக் கன்றோடு மீட்டு ஊர்க்குத் தந்த ஒருவன் இறந்துவிட்டான். அவனை நாடி வந்த பாணனிடம் அச்செய்தி சொல்லப்படுகிறது. பாடலின் இறுதிப் பகுதி அவனை மூன்றாகப் பிரிக்கிறது. தோலுரித்த பாம்புபோல அவன் மறுவுலகம் சென்றுவிட்டான். அவன் உடம்பு காட்டாற்றங்கரையில், அம்பு பயிலும் இலக்குப்போல, தைத்த கணைகளோடு அங்கேயே கிடந்துவிட்டது. பெயர் மட்டும் மயிற்பீலி சூட்டிய கல்லின்மேல், துணிப்பந்தரின் நிழலில் இருக்கிறது.

உடம்பு ஓரிடம், பெயர் வேறிடம் என்னும் இப்பிரிவினை உவமை நயத்திற்காக அமைந்ததென்று உரைகள் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன. ஈமச் சின்னங்களை ஆராய்வோர்க்கு இது நயமன்று, செய்தி. கல் நிற்கும் இடத்தில் உடல் இருக்கவேண்டியதில்லை. உடல் இருக்கும் இடத்தில் பெயர் இருப்பதும் அரிது. தமிழகத்தில் நமக்குக் கிடைத்துள்ள பழைய ஈமச் சான்றுகளில் பெரும்பகுதி இவ்விரண்டில் ஒன்றாகவே உள்ளது. எழுத்துடைய நடுகற்கள் ஒரு பெயரைச் சொல்கின்றன. அந்த மனிதனின் எலும்பு நம்மிடம் இல்லை. தாழிகளில் எலும்பு இருக்கிறது. அது யாருடையதென்று சொல்வாரில்லை.

இதற்கு மாறான சான்றுகளும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். உறையூர் இளம்பொன் வாணிகனாரின் புறநானூற்று 264ஆம் பாடலில் பரற்கற்களைக் குவித்த பதுக்கையை ஒட்டியே பெயர் பொறித்த கல் நடப்படுகிறது. அங்கே உடலும் பெயரும் அண்டை அயலாகவேனும் இருக்கின்றன. பொருந்தல் ஈமக்குழி ஒன்றில் கிடைத்த தாங்கியின்மேல் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. ஆயினும் ஈமக்குழியில் வைத்த கலத்தின் எழுத்து இறந்தவரின் பெயரா, கலத்திற்கு உரியவரின் பெயரா, படைத்தவரின் பெயரா, பெயரே அன்றா என்பது தனி வினா. அதை நடுகல்லின் எழுத்தோடு ஒன்றாக வைத்தல் இயலாது.

சான்றும் படவிளக்கமும்

முதுமக்கள் தாழி பற்றி எழுதும் எவரும் ஐயூர் முடவனாரின் 228ஆம் பாடலையும், ஆசிரியர் பெயர் கிடைக்காத 256ஆம் பாடலையும் காட்டுவர். இரண்டும் குயவனை விளித்துப் பாடப்பட்டவை. பாடநூல்களில் தாழியின் படத்திற்குக் கீழே இவை அச்சாகின்றன. பாடலைப் படிப்போர் படத்தையும், படத்தைக் காண்போர் பாடலையும் நம்புகின்றனர். ஒன்றையொன்று தாங்கும் இந்த ஏற்பாட்டில் இரண்டுமே சோதிக்கப்படுவதில்லை.

முதற் சிக்கல் காலம். சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல்லுக்குக் கரிமக் கணிப்பு தந்த காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. பொருந்தல் ஈமக்குழியின் நெல் கி.மு. 490 அளவில் வைக்கப்பட்டது. சங்கப் பாடல்களுக்கு எவ்வளவு பழைமை கற்பித்தாலும் சிவகளைத் தாழிக்கும் கிள்ளிவளவன் தாழிக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஈமமரபு மெல்ல மாறுவது என்பது உண்மையே. ஆனால் மாறவே இல்லை என்று கொள்வதற்குப் பாடலைத் தவிர நம்மிடம் வேறு ஆதாரம் வேண்டும். பாடலைக் கொண்டு தாழியை விளக்கிவிட்டு, அவ்வாறு விளக்கப்பட்ட தாழியைக் கொண்டு பாடலின் பழைமையை நிறுவுவது வட்டமாகச் சுற்றி வருதல்.

இரண்டாவது சிக்கல் இதைவிட நுட்பமானது. பாடலில் வரும் சொல் கல்லில் கிடைத்தவுடன் ஆய்வு நிறைவடைந்ததாக ஒரு மனநிறைவு தோன்றிவிடுகிறது. புலிமான்கோம்பை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

புலிமான்கோம்பையின் மூன்று கற்கள்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரைப் பகுதியில் உள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் தமிழ்ப் பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அதுவரை நமக்குக் கிடைத்திருந்த எழுத்துடைய நடுகற்கள் அனைத்திற்கும் இவை மிக முற்பட்டவை என்று கண்டறிந்தோர் கருதினர். உருவம் செதுக்கப்படாமல் எழுத்து மட்டும் பொறித்த கற்கள் இவை. பெயரும் பீடும் எழுதிப் பீலி சூட்டிய கற்களை அகநானூறு (67, 131) பேசுகிறது. எழுத்து என்று பாடல் சொன்னது எழுத்தையே என்பதற்கு இம்மூன்றும் மறுக்க இயலாத சான்றாயின. முற்கால நடுகற்களில் எழுத்து இருந்திருக்க இயலாது, பாடல்கள் பிற்கால வழக்கத்தை முன்னேற்றிச் சொல்கின்றன என்ற ஐயம் இதனால் தளர்ந்தது. இக்கண்டுபிடிப்பின் பெருமையை யாரும் குறைத்துச் சொல்ல இயலாது.

முதற்கல்லின் வாசகம் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்பது. பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன், கூடலூர் ஆகோளில் இறந்துபட, அவனுக்கு எடுத்த கல் என்று பொருள்கொள்ளப்படுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் உள்ள ‘ஆகோள்’ என்னும் சொல் அப்படியே கல்லில் இருந்தது. பின்வந்த எழுத்துகளில் பெரும்பாலானவை இச்சொல்லிலேயே நின்றுவிட்டன.

நிற்காமல் மேலே சென்றால் என்ன கேட்கலாம்? தீயன் அந்தவன் நிரை கவரச் சென்றவனா, கவர வந்தோரைத் தடுத்தவனா? கல் சொல்லவில்லை. நாமோ அவனை உடனே வெட்சி மறவன் என்றோ கரந்தை மறவன் என்றோ வகைப்படுத்தப் பழகியிருக்கிறோம். கரந்தையைத் தனித்திணையாக்கியது புறப்பொருள் வெண்பாமாலை மரபு. தொல்காப்பியம் நிரை மீட்டலையும் வெட்சிக்குள்ளேயே அடக்கியது. கல்லின் மொழி தொல்காப்பியத்தின் அந்த விரிந்த பகுப்பிற்கே நெருங்கி நிற்கிறது. கவர்தலும் மீட்டலும் ஒரே நிகழ்வின் இருபுறம். அந்நிகழ்வில் ஒருவன் இறந்தான். அவனுக்குக் கல் நட்டனர். அவன் செயல் அறமா அன்றா என்ற வினா கல் நட்டோர்க்கு எழவில்லை போலும். எழுந்திருந்தால், ஏழெட்டுச் சொற்களில் ஒன்றை அதற்குச் செலவிட்டிருப்பர்.

மற்றொரு கல்லில் ‘வேள் ஊர் அவ்வன் பதவன்’ என்பதே முழு வாசகம். இதில் ஆகோள் இல்லை, போர் இல்லை, ‘கல்’ என்னும் சொல்லும் இல்லை. ஊரும் பெயருமே உள்ளன. இதையும் வீரக்கல் என்று அழைக்கிறோம். பக்கத்துக் கல்லில் ஆகோள் இருப்பதால் இதற்கும் அதே பொருளை ஏற்றுகிறோம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் புறநானூற்றிலேயே போரில் படாதவனுக்கும் கல் உண்டு: வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழன் நடுகல்லாகிவிட்டதைப் பொத்தியார் பாடுகிறார் (221, 223). பதவன் எவ்வாறு இறந்தான் என்பதைத் திறந்த வினாவாக விடுவதற்கு நமக்கு என்ன தடை? ‘வீரக்கல்’ என்னும் நம் கலைச்சொல்லே தடை. ‘நடுகல்’ என்னும் பழஞ்சொல் நட்டதைச் சொல்கிறதே தவிர, நடப்பட்டவன் வீரன் என்று முன்கூட்டி முடிவு செய்வதில்லை.

மூன்றாவது கல் சிதைந்தது. அதைப் பற்றிப் பின்னர்.

எருமை, நாய், கோழி

செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. வட்டெழுத்தில் அமைந்த இக்கற்களின் தொகுப்பு, தமிழ்ப் பேச்சு வழக்கின் வரலாற்றை எழுத விழைவோர்க்கு இன்னும் முழுதும் பயன்படுத்தப்படாத களஞ்சியம். பாடல்களோடு ஒப்பிடும்போது முதலில் கண்ணில் படுவது சொல்வேறுபாடு. கற்களில் மீள மீள வருவது ‘தொறு’. தொறுக்கொண்ட ஞான்று பட்டான், தொறு மீட்டுப் பட்டான் என்பன கல்லின் வாய்பாடுகள். பாடல்கள் விரும்பும் ‘நிரை’யின் ஓசை நயம் இங்கில்லை, இது மந்தை மேய்ப்போர் சொல்.

எடுத்தனூர்க் கல் இன்னும் ஒரு படி செல்கிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவகத்தி என்பவன் ‘தன்னெருமைப் புறத்தே’ பட்டான் என்று அது கூறுகிறது. அவன் காத்து மடிந்தது எருமையை. சங்கப் பாடலின் ஆநிரையில் எருமைக்கு இடமில்லை. மருதநிலத்துக் கழனியில் அது ஆம்பலை மேய்ந்துகொண்டிருக்கும், பூசலுக்குள் வராது. வட ஆர்க்காட்டுப் புன்புல மேய்ச்சலில் எருமையும் உயிர்கொடுத்துக் காக்கும் செல்வமாக இருந்தது என்பதைக் கல் சொல்லித்தான் அறிகிறோம். பாடலை அளவுகோலாகக் கொண்டவர்க்கு இது விலகல். கல்லை அளவுகோலாகக் கொண்டால், பாடலின் தேர்வு எத்தகையது என்பது புலனாகும்.

‘தன்’ என்னும் சொல்லையும் கவனிக்க வேண்டும். மகேந்திரவர்மன், அவனுக்குக் கீழ் வாணகோ அரைசர், அவர்க்கு மருமக்கள், அவர்க்கு இளமகன் என்று நான்கு படி இறங்கியே கருந்தேவகத்தியை அடைகிறோம். படிக்கட்டின் அடியில் நிற்பவனுக்கு உரிமையாக இருந்தவை அவனுடைய எருமைகள். மண்டகப்பட்டுக் குடைவரையில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததை வடமொழியில் அறிவித்துக்கொண்ட அரசன், இக்கல்லில் ‘மயிந்திரபருமன்’ என்று மேய்ப்பர் நாவில் புழங்கிய வடிவத்தில் நிற்கிறான். ஒரே ஆட்சியின் இரு முகங்களை அறிய இவ்விரு கல்வெட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே போதும்.

எடுத்தனூர்க் கல்லில் நாயும் இருக்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றதாகத் தனிப்பொறிப்பு கூறுகிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் கோழி உருவம் செதுக்கிய கல் ஒன்று முகையூர் மேற்சேரியின் கோழியை நினைவுகூர்கிறது. இந்தளூர்க் கல் கீழ்ச்சேரிக் கோழிக்கு எடுக்கப்பட்டது. அக்கோழியின் பெயர் பொற்கொற்றி. சேரிக்குச் சேரி கோழி விட்டுப் போரிட்ட வாழ்க்கை, மேற்சேரி கீழ்ச்சேரி என்ற ஊர்ப்பகுப்பு, சேவலின் தோல்வியும் வெற்றியும் ஊரின் மானமாக எண்ணப்பட்ட மனநிலை ஆகியவை இச்சிறு பொறிப்புகளில் தங்கியிருக்கின்றன. இவற்றை வேடிக்கைச் செய்தியாகக் காட்டிச் சிரித்துக் கடப்பது நம் மேடைகளில் வழக்கம். மனிதன் இறந்ததற்கும் சேவல் இறந்ததற்கும் ஒரே வகைக் கல்லை நட்ட சமூகம், நினைவு என்பதை எவ்வாறு கருதியது என்பது சிரிப்பிற்குரிய வினா அன்று.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நாய்க்குப் பெயர் கல்லில் உண்டு, சேவலுக்குப் பெயர் உண்டு. கருந்தேவகத்தியின் தாய்க்கோ மனைவிக்கோ அக்கல்லில் பெயரில்லை. அவனுக்கு மனைவி இருந்தாளா என்பதையும் நாம் அறியோம். புறநானூற்றில் நடுகல்லை நாள்தோறும் தொழும் ஒரு பெண்ணை அள்ளூர் நன்முல்லையார் காட்டுகிறார் (306). விருந்தினர் வரவேண்டும், கணவனுக்குப் போர் வாய்க்க வேண்டும் என்று அவள் வேண்டுகிறாள். கல்லின் முன் நிற்பவளாகப் பெண் இருக்கிறாள். முற்கால நடுகல்லின்மேல் அவள் பெயரைக் காண்பது அரிது. ஆகவே நடுகற்களை மட்டும் கொண்டு ஒரு காலத்தின் ‘மக்கள் வாழ்வை’ எழுத முனைவோர், அம்மக்களில் ஆண்களை, அவருள்ளும் வன்முறையில் இறந்தோரை, அவருள்ளும் கல் நடுவதற்குரிய சுற்றமும் வாய்ப்பும் பெற்றோரை மட்டுமே எழுதுகின்றனர். வட்டார வரலாறு எழுதுவோர் சிலர் இக்கற்களைத் தம் குலத்து முன்னோர் என்று உரிமை கோருவதும் இங்கிருந்தே தொடங்குகிறது. பெயர் இருப்பதால் உரிமை கோர முடிகிறது. தாழியில் உள்ளவர்க்கு அத்தகைய வழித்தோன்றல்கள் எவரும் வருவதில்லை.

குயவனிடம் கேட்கப்பட்ட அகலம்

தாழிக்குத் திரும்புவோம். 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார் குயவனுக்காக இரங்குகிறார். கிள்ளிவளவனின் புகழுக்கேற்ற தாழி வனைய வேண்டுமெனில் நிலவுலகம் சக்கரமாகவும் பெருமலை மண்ணாகவும் ஆகவேண்டுமே, உன்னால் இயலுமா என்கிறார். 256ஆம் பாடலின் பெண்ணோ சிறிதளவே கேட்கிறாள். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லிபோலத் தன் கணவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தவள். அவனுக்கு வனையும் ஈமத்தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனைந்து அருள்செய் என்கிறாள். முதற்பாடலில் தாழி புகழின் அளவு. இரண்டாவதில் உடலின் அளவு. நடுகல்லின் தருக்கத்தைத் தாழிக்குள் கொண்டுவருவது 228. தாழியைத் தாழியாகவே காண்பது 256. இரண்டையும் ஒரே சான்றாக அடுக்கும்போது இவ்வேறுபாடு மறைகிறது.

256ஆம் பாடலின் பெண் கணவனோடு அப்போதே சாகத் துணிந்தாள் என்பதே வழக்கமான விளக்கம். தொல்லியல் இங்கே ஒரு தயக்கத்தைத் தரவேண்டும். ஆதிச்சநல்லூரில் உடலை மடக்கி முழுமையாக வைத்த தாழிகளும் உண்டு. உடல் அழிந்தபின் எலும்புகளைத் தொகுத்து இட்ட தாழிகளும் உண்டு. எலும்பைத் தொகுத்து இடும் வழக்கில் இறப்பிற்கும் தாழியிடலுக்கும் இடையில் காலம் செல்லும். அந்த வழக்கை அறிந்தவர் பாடிய பாட்டாயின், அவள் கேட்பது உடனடிச் சாவாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. என்றேனும் தன் எலும்பும் அவன் எலும்போடு சேரும் இடத்தை முன்பதிவு செய்துவைக்கிறாள் என்றும் வாசிக்கலாம். துறை முதுபாலை, சுரத்திடையே கணவனை இழந்து தனித்தவளின் புலம்பல் அது. இழந்தவள் சாகவேண்டும் என்று துறையிலக்கணம் விதிக்கவில்லை. ஆனந்தப்பையுள் போன்ற பிற துறைகளின் நிழலை இப்பாட்டின்மேல் விழவிட்டது வாசகரின் பழக்கமேயன்றிப் பாட்டன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. இதை முடிந்த முடிபாகச் சொல்லவில்லை. பாட்டில் உள்ள ‘எனக்கும்’ என்னும் வேண்டுகோளுக்கு இரு காலங்கள் இடங்கொடுக்கின்றன என்று மட்டுமே சொல்கிறோம்.

ஆதிச்சநல்லூர் 114 ஏக்கர் பரப்புடைய ஈமப்பறம்பு. 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே தோண்டினார்; கிடைத்தவை பெர்லினுக்குச் சென்றன. பின்னர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்து, பொருள்களின் பட்டியலை 1915இல் வெளியிட்டார். நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள், விலங்குருவம் அமைந்த வெண்கல மூடிகள், இரும்புப் படைக்கலங்கள், கலங்களில் ஒட்டிய நெல்லுமியும் சிறுதானிய உமியும் அப்பட்டியலில் உள்ளன. தாழிகள் மிகப் பல. பொற்பட்டங்களோ மிகச் சில. எழுத்தில்லாத இவ்விடத்தில் ஏற்றத்தாழ்வை அறிவிப்பது அந்தச் சிறிய எண்ணிக்கையே. 2004ஆம் ஆண்டு தொடங்கித் தி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் 150க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவற்றோடு கிடைத்த பானையோடு ஒன்றில் ஒட்டுருவமாக ஒரு பெண்ணும், கொக்கும், மானும், முதலையும் உள்ளன. நடுகல்லில் இடம்பெறாத பெண் இங்கே உருவமாக நிற்கிறாள், பெயர்தான் இல்லை.

எலும்பை வாசித்தவர்களும் தங்களுக்குரிய மயக்கத்திலிருந்து தப்பவில்லை. ஸக்கர்மன் ஆராய்ந்த ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள் பற்றிய அறிக்கை 1930இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. மண்டையோட்டை அளந்து இனத்தைச் சொல்லுதல் அக்காலத்து வேட்கை. அவ்வேட்கை இன்னும் தணியவில்லை. அகழாய்வு தொடங்கியவுடன் நாளிதழ்கள் முதலில் கேட்பது ‘இவர்கள் யார்’ என்பதே. பல்லின் தேய்வு உணவைச் சொல்லும். மூட்டின் தேய்வு சுமந்த சுமையைச் சொல்லும். ஆறிய முறிவு, முறிந்தவனை யாரோ உட்காரவைத்துச் சோறிட்டுக் காத்ததைச் சொல்லும். பெயரில்லாத உடலிடம் கேட்கத்தக்கவை இவை. இனப்பெயர் கேட்பது, நடுகல்லிடம் கேட்கவேண்டியதைத் தாழியிடம் கேட்பது.

சக்கரவாளக் கோட்டம்

பெயரும் உடலும் ஓரிடத்தில் கூடும் காட்சியைத் தமிழில் விரிவாகத் தருவது மணிமேகலையின் ஆறாங்காதை. புகார் நகரத்து ஈமக்காட்டில் சுடுதல், வெறுமனே இடுதல், குழிதோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்து அடைத்தல், தாழியில் கவித்தல் என்னும் ஐவகை முறைகளும் ஒரே இடத்தில் நடக்கின்றன. தவத்தோர், அரசர், கணவனோடு இறந்த மகளிர் ஆகியோர்க்குச் செங்கல்லால் எடுத்த கோட்டங்கள் வருண வேறுபாடு தோன்றக் குறியனவும் நெடியனவுமாய் நிற்கின்றன. இறந்தபின்னும் உயரம் அளந்து வைக்கப்படுகிறது என்பதைச் சாத்தனார் வருணனையாகவே சொல்லி நிறுத்திக்கொள்கிறார். அதன்பின் அவர் கதை சொல்வது அக்கோட்டங்களுக்கு உரியோரைப் பற்றியன்று. பேய் கண்டு அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலன் என்னும் சிறுவனும், அவன் உடலைச் சுமந்து சம்பாபதியிடம் தன்னுயிரை மாற்றாகத் தர வந்த கோதமை என்னும் தாயும் கதைக்கு உரியோர். போரில் படாத சிறுவனுக்கும் அவன் தாய்க்கும் பெயர் கொடுத்தது கல் அன்று, காப்பியம். சான்றுகளை ஒப்பிடுவோர் புறநானூற்றோடு நின்றுவிடாமல் இக்காதையையும் எடுத்துக்கொண்டால், ஈமச் சின்னம் வீரத்தின் சின்னம் என்னும் சமன்பாடு தானே தளரும்.

தேய்ந்த எழுத்து

நடுகல் பெயரைக் காக்கும் என்று மேலே சொன்னோம். சங்கப் புலவர்களே அதை முழுதும் நம்பவில்லை. அகநானூற்று 297, 343 ஆகிய இரு பாடல்களும் மதுரை மருதன் இளநாகனார் பெயரால் அமைந்தவை. முதலாவதில் மறவர்கள் தங்கள் அம்புகளை நடுகல்லின்மேல் தீட்டித் தீட்டி அதன் பக்கம் தேய்ந்துவிட்டது. எழுத்துகள் தொடர்ந்து படிக்கப் பொருந்தி வரவில்லை. இரண்டாவதில் உமணரின் வண்டிச்சக்கரம் கல்லின் தலையைச் சிதைத்துவிட்டது, கண்ணி வாடியிருக்கிறது, நீராட்டுவார் இல்லை, கோடு மறைந்த எழுத்தை வழிச்செல்வோர் வேறு பொருள்படப் படிக்கின்றனர். பிழைபட வாசிக்கப்படும் கல்வெட்டை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இலக்கியச் சான்றுகள் தமிழில் வேறு உண்டா என்பது ஐயமே. கல்லைச் சிதைத்தவை பகையோ இயற்கைச் சீற்றமோ அல்ல. அம்பு தீட்டுதலும் உப்பு விற்றலும் ஆகிய அன்றாடத் தொழில்கள். கல் நடப்பட்டது மறவனுக்காக. அதை அம்பு தீட்டும் கல்லாக்கியவர்களும் மறவர்களே.

இன்று தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகற்கள் பல வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மூடிக்கொள்வதால் படியெடுக்கச் செல்வோர்க்கு மனக்குறை உண்டு. கல்லை அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவந்துவிட்டால் எழுத்து பிழைக்கும் என்பது அவர் வாதம். அவ்வாறு வந்த கற்கள் பல நன்கு காக்கப்பட்டிருக்கின்றன என்பதும் உண்மை. எனினும் வழிபாடு இருந்ததால்தான் வரப்புக்கும் சாலைக்கும் பலியாகாமல் அக்கல் இதுவரை நின்றது. பெயர்த்துக் கொண்டுவரும்போது, அது எத்திசை நோக்கி நின்றது, அருகில் கல்வட்டமோ பதுக்கையோ இருந்ததா, மேய்ச்சல் வழிக்கும் நீர்நிலைக்கும் எவ்வளவு தொலைவு, இன்று அதை யார் எந்நாளில் வழிபடுகின்றனர் ஆகியவை கல்லோடு வருவதில்லை. வாசகத்தை மட்டும் அச்சிடும் பதிப்பு முறையில் இவற்றிற்குக் கட்டமே இல்லை. எழுத்தில்லாத நடுகற்களின் நிலை இன்னும் மோசம். பெயர் கிடைக்காது என்பதால் அவை பட்டியலின் இறுதியில் எண்ணிக்கையாகச் சேர்க்கப்படுகின்றன. உண்மையில் அவை தாழிகளின் பக்கம் நிற்பவை. தாழியிடம் கேட்பதுபோலவே, இடத்தையும் பொருளையும் அண்டையையும் கொண்டு அவற்றிடம் கேட்கவேண்டும்.

புலிமான்கோம்பையின் சிதைந்த கல் இந்த இரண்டிற்கும் இடையில் நிற்கிறது. அதில் படிக்கக் கிடைப்பது ‘...அன் ஊர் அதன் ...ன் அன் கல்’ என்பதே. ஊரின் பெயர் போய் ‘ஊர்’ இருக்கிறது. ஆளின் பெயர் போய் ஆண்பால் விகுதி இருக்கிறது. நட்ட பொருளின் பெயரான ‘கல்’ முழுதாக இருக்கிறது. ‘ஆகோள்’ பொறித்த கல்லைப் பற்றி எழுதியவர்கள் பலர். இக்கல்லை அட்டவணையில் இரண்டாம் எண்ணாகக் குறித்து, வாசகம் முழுமையில்லை என்று எழுதி அடுத்ததற்குச் சென்றுவிடுகிறோம்.